பாட்டன் பெயர் கொண்ட அடிகளார்

பேரன் என்று நாம் வழங்குஞ் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரை இடப்பெற்றவன் பெயரன். சங்கப் பாட்டிலேயே காணப்படுஞ் சொல் அது. மூத்த மகனுக்குத் தன் தந்தையின் பெயரை இடுதல் தமிழ்க் குடிகளின் பழைய வழக்கு. யாழ்ப்பாணத்தவரும் அதனை நெடுங்காலம் போற்றினர். மாமனார் பெயரை வாயாற் சொல்லக் கூசிய மருமகள்மார், அப்பெயர் பெற்ற தம் பிள்ளைக்கு வேறொரு செல்லப்பெயர் இட்டு அழைத்ததும் உண்டு. ஒருவனைப் பெயர் சொல்லி அழைக்குந்தோறும் மறைந்துபோன முதியவர் ஒருவரையும் உடன் அழைப்பதாகிய இவ்வழக்கிலே ஆழ்ந்ததொரு கருத்து உண்டு. வழி வருவோன் உள்ளவரை முன்னோன் இறந்துபடான் என்பதே அது.

ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பொன் என்னும் ஊரிலே 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆம் நாள் பிறந்த ஓர் ஆண்குழந்தைக்கு இவ்வழக்குப்படி பெயர் அமையவில்லை. பெற்றோர் கத்தோலிக்கர். தந்தையார் நாகநாதன் கணபதிப்பிள்ளை. என்றி ஸ்தனிஸ்லாஸ் என்பது அவரது சமயப் பெயர். தாயார் சிசிலியா இராசம்மா. குழந்தைக்குச் சேவியர் என்று ஞானஸ்நானப் பெயர் இட்டனர். கல்விக்கூடங்களில் அவர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்றே அறியப்பட்டார். தனிநாயகம் என்று இன்று உலகம் அறிந்த பெயர் பெற்றோர் இட்டதன்று. வளர்ந்தபின் அவரே தேடி எடுத்துக்கொண்டது.

இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். துறவு பூண்போர் பழைய பெயரைக் களைந்து புதுப்பெயர் கொள்ளுதல் எல்லாச் சமயங்களுக்கும் பொதுவாகக் காணப்படும் வழக்கு. குடியும் கோத்திரமும் வேண்டா என்பதற்கு அது அடையாளம். இவரோ குருத்துவத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவர். மனைவி மக்கள் என்னுந் தொடர்பு இல்லாதவர். அத்தகையவர் பல தலைமுறைகளுக்கு முன் வாழ்ந்த முன்னோன் ஒருவனின் பெயரை மீட்டெடுத்துத் தம் தலைமேற் சூட்டிக்கொண்டார். தம் பெயரைச் சொல்லப் பெயரன் ஒருவன் வரமாட்டான் என்பதை அறிந்த ஒருவர், தாமே ஒரு பாட்டனுக்குப் பெயரனானார்.

அந்த முன்னோனின் ஊர் நெடுந்தீவு. தந்தையாரின் குடி அத்தீவிலே வேரூன்றியது. மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, ஆரியச்சக்கரவர்த்திகளின் ஆட்சித் தொடக்கத்திலே தமிழகத்தினின்றும் வந்து ஊர்தோறும் குடியேறியோரை வரிசைப்படுத்துமிடத்து, நெடுந்தீவுக்கு உரியவனாகத் தனிநாயகன் என்னும் பெயரைக் கூறுகின்றது. வைபவமாலை கூறுவன யாவும் வரலாறாகா என்பதை ஆராய்ச்சியாளர் பலகாலும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயினும் தீவக மக்களின் நினைவிலே அப்பெயர் நின்றது. தீவகத்திலே யாழ்ப்பாணக் கரைக்கு மிகத் தொலைவில் உள்ளது நெடுந்தீவு. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் அதனை டெல்வ்ற் என்று அழைத்தனர். பவளக்கல் அடுக்கிய வேலிகளும், கட்டாக்காலியாய்த் திரியும் மட்டக்குதிரைகளும், பெருக்கு மரமும் உடைய அத்தீவுக்கு இன்றும் படகேறியே செல்லவேண்டும்.

ஊர்காவற்றுறையின் இயல்பு வேறு. அது உலகத்தை வரவேற்ற துறை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டொன்று 12ஆம் நூற்றாண்டிற் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைக் கூறுகின்றது. பரதேசிகள் ஊராத்துறையிலே வந்து இறங்கவேண்டும். அவர்களுக்குப் பாதுகாவல் அளிக்கப்படவேண்டும். யானையும் குதிரையும் கொணரும் மரக்கலங்கள் உடைந்தால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் உரியன. வேறு பண்டம் ஏற்றிய கலமாயின் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னன் ஒருவனின் இவ்வாணை தமிழிலே பொறிக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. துறைமுகத்தில் வழங்கிய மொழி எதுவோ அம்மொழியிலே அரசன் பேசினான். எண்ணூறு ஆண்டுகள் கழித்து அம்மொழியின் உரிமை பற்றி இலங்கையிலே பெரும் பூசல் எழுந்தபோது, அத்துறையிற் பிறந்தவர் ஒருவர் அதுபற்றி உலகுக்கு ஆங்கிலத்தில் எழுதினார். அதனைப் பின்னர்க் காண்போம்.

சிறுவர் சேவியர் ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் பாடசாலையிலும், பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்றார். அக்காலத்து ஆங்கிலக் கல்லூரிகளிலே தமிழுக்கு இருந்த இடம் நாம் அறிந்ததே. கொழும்பில் பொறளையிலுள்ள குருமடத்திலே மெய்யியல் பயின்றபின், 1934ஆம் ஆண்டு உரோமாபுரிக்குச் சென்றார். அங்கே 1938ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மூன்றாம் நூற்றாண்டிலே வடவாபிரிக்காவின் கார்த்தேசு நகரில் ஆயராக விளங்கிய சிப்பிரியானின் காலத்துக் குருக்களைப் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். இலத்தீனும் இத்தாலியமும் பிரெஞ்சும் அறிந்த இளங்குரு. கார்த்தேசு நகரின் பழைய வீதிகள் அவர் மனக்கண்முன் நின்றன. காவிரிப்பூம்பட்டினத்தின் வீதிகள் நிற்கவில்லை. சங்கப் பாட்டைப் பொருளுணர்ந்து கற்கும் பயிற்சி அன்று அவருக்கு வாய்த்திருக்கவில்லை.

தாயகந் திரும்பிய அடிகளார் தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்தார். 1940ஆம் ஆண்டு முதல் திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் புனித தெரேசாள் பள்ளியிலே ஆசிரியப் பணி ஏற்றார். அவருடைய வாழ்க்கையைப் பேசுவோர் கோலாலம்பூரையும் பாரிசையும் பற்றி விரித்துரைத்து, வடக்கன்குளத்தை ஒரு வரியிற் கடந்துவிடுவர். எனக்கு அது ஒப்பவில்லை. அந்த வாழ்க்கையின் திருப்புமுனை அச்சிற்றூர்தான். அங்கே பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்பவரிடம் அடிகளார் மாணவராய் அமர்ந்து, நான்கு ஆண்டுகள் இலக்கணமும் இலக்கியமும் பாடங் கேட்டார்.

நிலைமையை எண்ணிப் பாருங்கள். ஒருவர் உரோமாபுரியிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மற்றவர் ஊர்ப் பண்டிதர். ஒருவர் கத்தோலிக்கக் குரு; மற்றவர் அந்தணர். பள்ளியிலே பதவியும் பெயரும் உடைய ஒருவர், முப்பது வயதை அடுத்த காலத்தில், எழுத்தும் சொல்லும் பொருளும் தொடக்கத்திலிருந்து கேட்டார். கற்றறிந்தோர்க்கு அறிந்ததை அறியேன் என்பது எளிது. அறியாததை அறியேன் என்று கூறிக் கைகட்டி நிற்றலே அரிது. பண்டிதர்களாகிய நாம் உலகறியாதவர் என்றும், ஆராய்ச்சியாளர் நூலறியாதவர் என்றும் இரு பக்கத்தும் ஓர் ஏளனம் நெடுநாளாக உண்டு. வடக்கன்குளத்துத் திண்ணைப் பாடம் பின்னாளில் உலகத்துப் பல்கலைக்கழகங்களிலே ஒலித்ததை நினைவிற் கொண்டால் அவ்வேளனத்துக்கு இடமிராது.

1945ஆம் ஆண்டு அடிகளார் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்தார். அப்போது அகவை முப்பத்திரண்டு. அங்கே தமிழில் முதுமாணிப் பட்டம் பெற்றார்; தொடர்ந்து பண்டைத் தமிழ்ப் பாட்டில் இயற்கை என்னும் பொருளை ஆராய்ந்து இலக்கிய முதுமாணியும் ஆனார். அவ்வாராய்ச்சி ஆங்கில நூலாக வெளிவந்தது. நிலத்தோற்றமும் பாட்டும் எனப் பொருள்படும் தலைப்போடு 1966ஆம் ஆண்டு மறுபதிப்புப் பெற்றது.

அந்நூலின் பயன் யாது? குறிஞ்சி முதலாகிய ஐந்திணைகளையும் அவற்றின் முதல், கரு, உரிப்பொருள்களையும் நம் மாணவர் மனனஞ் செய்து ஒப்புவிப்பர். அஃது இலக்கண வாய்பாடு போல நம்மிடையே காய்ந்து கிடந்தது. அடிகளார் அதனை எடுத்துக் கிரேக்க, இலத்தீன் புலவர்களின் பாட்டோடும் வடமொழிக் காவியங்களோடும் அருகருகே வைத்துப் பார்த்தார். இயற்கையை இயற்கைக்காகவே பாடுதல் சங்கப் புலவரின் நோக்கமன்று. மாந்தரின் அன்பும் பிரிவும் இரக்கமும் நிகழ்தற்குரிய களமாகவே அவர்கள் நிலத்தைக் கண்டனர். நிலத்துக்கும் அதில் வாழும் மக்களின் ஒழுக்கத்துக்கும் இடையே இத்துணை நுண்ணிய தொடர்பு கண்ட பழம்பாட்டு மரபு வேறெங்கும் அரிது. இவற்றைப் பிறமொழிப் புலவரும் ஏற்கும் வகையிற் சான்றுகாட்டி நிறுவினார். தமிழின் பெருமையைத் தமிழருக்குத் தமிழர் சொல்லுதல் எளிது. அடிகளார் பெருமை பேசவில்லை, ஒப்புநோக்கினார்.

தீவகத்தான் ஒருவன் இந்த ஆராய்ச்சியை மேற்கொண்டதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. யாழ்ப்பாணத்திலே மலை இல்லை. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறும் இல்லை. தாழையும் உப்பங்கழியும் நாரையும் மீன்வலையும் உடைய நெய்தலைத் தீவகச் சிறுவன் பாடங் கேளாமலே அறிவான். குறிஞ்சியைக் காண அவன் கடல் கடக்கவேண்டும். மேற்குத்தொடர் மலையின் தென்கோடிக்கு அண்மையில் உள்ள வடக்கன்குளத்திலேயே அடிகளாருக்குத் தமிழ்ப் பாடமும் மலைக்காட்சியும் ஒருங்கே வாய்த்தன.

தூத்துக்குடியிலே 1948ஆம் ஆண்டு தமிழ் இலக்கியக் கழகம் ஒன்றை நிறுவினார். பின்னர் யப்பான், அமெரிக்கா முதலிய நாடுகளிலே விரிவுரையாற்றிச் சுற்றிவந்தார். சென்ற இடமெல்லாம் அவர் கண்டது ஒன்று: இந்தியவியல் என்றால் வடமொழியியல் என்றே பெரும்பாலோர் கருதினர். தமிழைப் பற்றி அறிய விரும்பினோர்க்கும் கையிலெடுத்துப் படிக்கத் தக்க ஏடு இல்லை. இக்குறையை நீக்கவே 1952ஆம் ஆண்டு தமிழ் கல்ச்சர் என்னும் ஆங்கில முத்திங்கள் ஏட்டைத் தொடங்கினார். அவ்வேட்டிலே வெளிநாட்டறிஞரும் நம்மவரும் ஒரே வரிசையில் அமர்ந்து எழுதினர். அவ்வாண்டிலேயே தமிழ்த் தூது என்னும் தமிழ் நூலும் வெளிவந்தது.

அடிகளாரின் நூலகத் தேட்டம் பற்றித் தனியே ஒரு நூல் எழுதலாம். ஐரோப்பாவிலே அவர் சென்ற நகரங்களில் முதலில் நாடியது பழைய நூலகங்களையே. 1554ஆம் ஆண்டு லிஸ்பன் நகரிலே உரோம எழுத்தில் அச்சான தமிழ்ச் சமய நூல், 1578ஆம் ஆண்டு கொல்லத்திலே தமிழெழுத்தில் அச்சான அண்டிரிக்கு அடிகளாரின் தம்பிரான் வணக்கம் ஆகியவற்றைப் பற்றித் தமிழுலகு தெளிவாக அறிய அவர் எழுதிய கட்டுரைகள் பெரிதும் உதவின. இவற்றினும் வியப்புக்குரியது பிறிதொன்று. போர்த்துக்கேயக் குருவாகிய அந்தாவோ தெ புரோவென்சா தொகுத்த தமிழ்-போர்த்துக்கேய அகராதி, அவர் இறந்தபின், 1679ஆம் ஆண்டு மலையாள நாட்டு அம்பலக்காட்டிலே அச்சிடப்பட்டது. எஞ்சியதாக அறியப்பட்ட ஒரே படி வத்திக்கான் நூலகத்திலே உறங்கிக்கிடந்தது. 1954ஆம் ஆண்டு அதனைக் கண்டெடுத்த அடிகளார், 1966ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டிலே தமிழர் வாயில் வழங்கிய சொற்கள், வீட்டுச் சொல்லும் சந்தைச் சொல்லும் உட்பட, அவ்வகராதியிலே உள்ளன. ஒரே படியாய் நிற்கும் நூலுக்கு நேரக்கூடிய இடர் எத்தகையது என்பதை 1981ஆம் ஆண்டு நூலகம் எரிக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்தார் நெஞ்செரிய உணர்ந்தோம். அதனைக் காண அடிகளார் இருக்கவில்லை.

கத்தோலிக்கத் தொடர்புடைய நூல்களை மட்டுமே அவர் தேடினார் என்று எவரும் கருதவேண்டா. சயாம் நாட்டு அரசவைப் பிராமணரின் சடங்குகளிலே திருவெம்பாவையும் திருப்பாவையும் இடம்பெறுவதைத் தமிழருக்கு எடுத்துரைத்தவர்களுள் அவர் முன்னிற்பவர். நாவலர் மரபிலே கற்ற எம்மனோர், பாதிரிமார் தமிழ் என்றாற் சற்று விலகி நிற்பவர். மாணிக்கவாசகரின் சுவடு கடல் கடந்து கிடப்பதை ஒரு கத்தோலிக்கக் குரு கண்டு மகிழ்ந்து சொன்னபோது விலகி நிற்க இடமில்லாது போயிற்று.

1952 முதல் 1961 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்திலே கல்வித்துறை விரிவுரையாளராயிருந்தார். இடையே இலண்டன் சென்று, பண்டைத் தமிழ் இலக்கியத்திற் காணப்படும் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து மற்றொரு கலாநிதிப் பட்டம் பெற்றார். 1956ஆம் ஆண்டு சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றப்பட்டபோது, தமிழ்மொழியின் உரிமையைத் தம் ஏட்டிலே தயங்காது எடுத்துரைத்தார். அதிற் சினத்தைக் காண்பது அரிது, நியாயத்தையே காணலாம். 1961ஆம் ஆண்டு கோலாலம்பூர் சென்று மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியற் பேராசிரியரானார். 1969 வரை அங்கிருந்தார்.

1964ஆம் ஆண்டு சனவரி மாதம் புதுதில்லியிலே கீழைத்தேயவியலறிஞரின் உலக மாநாடு கூடிற்று. அங்கு வந்திருந்த தமிழறிஞர் சிலரை அடிகளார் ஒருங்கழைத்தார். பேராசிரியர் வ. ஐ. சுப்பிரமணியம் துணைநின்றார். பிரெஞ்சுப் பேரறிஞர் பில்லியோசா தலைவராகவும், அடிகளாரும் செக் நாட்டறிஞர் கமில் சுவலபிலும் செயலாளராகவும் அமைய, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பெரும் பொருளோ அரசின் ஆணையோ பின்னணியாய் இல்லை. ஓர் அறையிற் கூடிய சிறு கூட்டமே தொடக்கம்.

அதன்பின் நிகழ்ந்தவற்றைப் பலரும் அறிவர். 1966 ஏப்ரலிலே முதல் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கிவைத்தார். 1968 சனவரியிலே இரண்டாவது மாநாட்டை அறிஞர் அண்ணாவின் அரசு சென்னையில் நடத்தியது. கடற்கரையிலே வள்ளுவர், கம்பர், ஔவை முதலியோரின் சிலைகள் நின்றன; போப்பும் கால்டுவெல்லும் வீரமாமுனிவரும் உடன் நின்றனர். 1970ஆம் ஆண்டு மூன்றாவது மாநாடு பாரிசிலே கூடியது.

இங்கே என் கருத்தொன்றைக் கூறுவேன். பிள்ளையைப் பெற்றவன் அப்பிள்ளை வளர்ந்து தன் விருப்பப்படி நடப்பதையும் பொறுத்தல் வேண்டும். ஆராய்ச்சிக்கென அடிகளார் பெற்ற பிள்ளை சென்னையிலே ஊர்வலமும் அலங்கார வளைவுமாக ஆயிற்று. பாரிசிலே மீண்டும் ஆய்வறைக்குட் சென்றது. பின்னர் மறுபடியும் தெருவுக்கு வந்தது. மக்கள் திரளுதல் தீதன்று. மொழிக்கு மக்களே உயிர். ஆயினும் திரளின் ஆரவாரத்திலே ஆய்வுரையின் குரல் கேளாது போதல் உண்டு. தமிழ் கல்ச்சர் ஏடு 1966க்கு மேல் நிலைக்கவில்லை என்பதும் நினைக்கத்தக்கது. பெரிய விழாவுக்குப் பொருள் திரண்டது. சிறிய ஏட்டுக்குத் திரளவில்லை. அடிகளாரிடத்தும் ஒரு குறை சொல்வதாயின், அவருடைய ஆழ்ந்த ஆராய்ச்சிகளிற் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே அமைந்ததைச் சொல்லலாம். தமிழ்த் தூது, ஒன்றே உலகம் போன்ற நூல்களின் தெளிந்த நடையைக் காண்போர், இவர் இன்னும் தமிழில் எழுதியிருக்கலாகாதா என்று ஏங்குவர். ஆயினும் வீட்டுக்காரரோடு உரையாடுவதிலும் அயலாரை வீட்டுக்கு அழைத்துவருவதே தம் கடன் என்று கொண்டவர் அவர்.

1974 சனவரியிலே நான்காவது மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தது. கொழும்பிலா யாழ்ப்பாணத்திலா என்று எழுந்த பிணக்குகளையும் அரசினர் தந்த இடர்களையும் கடந்து, பேராசிரியர் சு. வித்தியானந்தன் முன்னின்று நடத்தினார். தில்லியில் ஓர் அறையிற் பிறந்த மன்றம், அடிகளார் பிறந்த தீவகத்தின் வாயிலுக்கே வந்துசேர்ந்தது. ஊரெங்கும் வாழையும் தோரணமும். சனவரி 10ஆம் நாள் மாலை, வீரசிங்கம் மண்டபத்தின் முன் திரண்டிருந்த மக்களுக்குள்ளே காவற்படையினர் புகுந்தனர். மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. மாநாட்டைக் காண வந்த மக்கள் உயிரிழந்தனர். தமிழ் கேட்க வந்தவர்கள் பிணமாய் வீடு சென்றனர். அதன்பின் யாழ்ப்பாணம் முன்னைய யாழ்ப்பாணமாயிருக்கவில்லை. தம் வாழ்நாளெல்லாம் ஒன்றே உலகம் என்னும் கருத்தைச் சுமந்துதிரிந்த முதியவருக்குத் தம் சொந்த மண்ணிலே நேர்ந்த இந்நிகழ்ச்சி எத்தகைய துயரமாயிருந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம்.

மணஞ் செய்யாதவரைத் தந்தை என்பது கத்தோலிக்கரின் வழக்கு. தமிழாராய்ச்சித் துறையினர் அவரைத் தந்தை என்றது அவ்வழக்குப் பற்றியன்று. 1970ஆம் ஆண்டு சென்னையிலே உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் தோன்றியது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்களிலே தமிழ் கற்போரும் கற்பிப்போரும் தம்மை ஒரு குடும்பத்தவராக எண்ணத் தொடங்கினர். அவரை நேரிற் காணாத மாணவர்க்கு இன்று அவர் பாட்டன் முறையினர். அவருடைய பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இட்டோரும் தீவகத்தில் இருக்கலாம். முன்னோன் ஒருவனின் பெயராய் ஏட்டுச்சுவடியிற் கிடந்தது, மீண்டும் ஒரு மனிதனின் பெயராகி நடமாடிற்று.

இறுதி ஆண்டுகளில் அடிகளார் யாழ்ப்பாணத்திலே தங்கினார். 1980ஆம் ஆண்டு தந்தை செல்வநாயகம் நினைவுப் பேருரையை ஆற்றியபோது, தமிழாராய்ச்சி வந்த வழியையும் செல்லவேண்டிய வழியையும் அதன் பொருளாகக் கொண்டார். உடல் தளர்ந்திருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 1ஆம் நாள் தமது அறுபத்தேழாவது வயதில் உயிர் நீத்தார். நான்கு மாதங் கழித்து, 1981 சனவரியிலே, மதுரை மாநகரில் ஐந்தாவது உலகத் தமிழ் மாநாடு கூடியது. அவர் இவ்வுலகில் இல்லாதபோது கூடிய முதல் மாநாடு அதுவே.